பூந்தொட்டியைக் கிளறும் அணில்

(வானொலியின் பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நெல்லுக்குப் புகையான், கத்தரிக்குக் காய்ப்புழு என்று பேச எத்தனையோ இருக்க, இன்றைக்குப் பூந்தொட்டியைக் கிளறும் அணிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "என்ன சார், இது ஒரு பெரிய விஷயமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இருக்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். காலையில் எழுந்து வந்து பார்த்தால் தொட்டி மண் தரையில் இறைந்து கிடக்கும். நேற்று நட்ட ரோஜாக் குச்சி வேர் தெரியச் சாய்ந்து கிடக்கும். அந்த வயிற்றெரிச்சல் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நம்முடைய இந்தப் பகுதிக்கும் பூவுக்கும் பழைய சொந்தம் உண்டு. பூந்தமல்லியைப் பெரியவர்கள் பூவிருந்தவல்லி என்று சொல்வார்கள். அந்த ஊரில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், தன் நந்தவனத்துப் பூவைக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சாத்தியவர் என்பது எல்லோரும் அறிந்த வரலாறு. ஆவடிக்குப் பக்கத்தில் திருமுல்லைவாயில். தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொண்டது என்று அந்தக் கோயில் தலபுராணம் சொல்கிறது. ஊர்ப் பெயரிலேயே பூ இருக்கிற பூமி இது.

இன்றைக்குக் கதை கொஞ்சம் மாறிவிட்டது. அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியே ஆகிவிட்டது. வயல் வீட்டுமனை ஆயிற்று. ஆனாலும் மிச்சம் இருக்கிற கால் ஏக்கர், அரை ஏக்கரில் நாற்றுப் பண்ணை வைத்து, ரோஜா, மல்லி, செம்பருத்தி, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ் என்று தொட்டியிலும் பையிலும் வளர்த்து, நகரத்து மக்களுக்கு விற்றுப் பிழைக்கிற குடும்பங்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் இருக்கின்றன. நிலமெல்லாம் போய், வாசலில் பத்துத் தொட்டி மட்டும் வைத்திருக்கிற தாய்மார்களும் இருக்கிறார்கள். 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் அரசு மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, மாடிகளிலும் தொட்டியும் பையும் பெருகிவிட்டன. தொட்டி பெருகினால் அணிலின் வேலையும் பெருகும் அல்லவா?

ஒரு பையில் நட்ட மல்லிக் குச்சியை அணில் ஒரு முறை கிளறினால் என்ன நஷ்டம் தெரியுமா? குச்சியின் அடியில் அப்போதுதான் மெல்லிய வெள்ளை வேர் விட்டிருக்கும். அது நூலைவிட மெல்லியது. மண் அசைந்தால் அறுந்துவிடும். மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து வாடும்போதுதான் நமக்குத் தெரியும். இரண்டு மாத உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

இந்தக் கோபத்தில்தான் சிலர் விபரீதமான வேலை செய்துவிடுகிறார்கள். எலிக்கு வைக்கிற விஷத்தை வடையிலும் தேங்காய்ச் சில்லிலும் தடவித் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். முதலில் திருடன் யார் என்று பார்ப்போம்.

திருடனைக் கண்டுபிடியுங்கள்

தொட்டி கிளறியிருந்தால் உடனே அணில் மேல் பழி போட்டுவிடாதீர்கள். அணில் பகலில் மட்டும்தான் நடமாடும். விடிந்து வெயில் ஏறும் வரையிலும், பிறகு மாலையிலும் அதிகமாக ஓடித் திரியும். இருட்டின பிறகு கூட்டைவிட்டு வராது. ஆகவே ராத்திரி சரியாக இருந்த தொட்டி விடியற்காலை இருட்டிலேயே கிளறிக் கிடந்தால், அது அணில் வேலை இல்லை.

திருமழிசைப் பக்கம் ஒரு விவசாயி என்னிடம், "ஐயா, சாயந்திரம் தண்ணி ஊத்திட்டுப் படுத்தா, காலையில மண்ணு பூரா வெளியே கெடக்குது. இந்த அணிலை என்ன பண்றதுன்னே தெரியலை" என்றார். அடுப்புச் சாம்பலைச் சலித்து, ராத்திரி தொட்டிகளைச் சுற்றித் தரையில் மெல்லிசாகத் தூவச் சொன்னேன். மறுநாள் காலையில் சாம்பலில் பெரிய பெரிய கால்தடம்! வேலியோரம் வளை வெட்டி மண்ணைக் குவித்து வைத்திருந்த பெருச்சாளிதான் வந்து போயிருந்தது. தொட்டியில் போட்டிருந்த மீன் கழிவுதான் அதை இழுத்திருக்கிறது. அணிலுக்கு என்று அவர் செய்த எந்த வைத்தியமும் பலிக்காததற்கு அதுதான் காரணம்.

அடையாளத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணில் தோண்டிய குழி சிறியது. ஓர் அங்குலம், இரண்டு அங்குல ஆழம்தான் இருக்கும். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். மண் தொட்டி விளிம்பில் சிதறியிருக்கும். பெருச்சாளி ஆழமாகப் பறிக்கும். வேரையே கடித்துப் போடும். பூனை மலம் கழிக்கத்தான் தோண்டும். தோண்டிவிட்டு மூடி வைக்கும், நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும். கோழி கிளறினால் தொட்டி முழுக்கத் தாறுமாறாகப் போகும். சாம்பல் தூவிப் பார்ப்பது காசு செலவில்லாத வழி. பகலுக்கு ஒரு முறை, ராத்திரிக்கு ஒரு முறை தூவிப் பாருங்கள். திருடன் தானாக மாட்டிக்கொள்வான்.

அணில் ஏன் தோண்டுகிறது?

நம் வீட்டு மரத்தில் ஓடுகிற அணிலுக்கு முதுகில் மூன்று வெள்ளைக் கோடு. இராமர் தடவிக் கொடுத்த கோடு என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். தொல்காப்பியமே அணிலை மூன்று வரி உடையது என்று குறித்திருக்கிறது என்றால், நமக்கும் அதற்கும் எத்தனை காலத்துப் பழக்கம் பாருங்கள். வட இந்தியாவில் இருப்பது ஐந்து கோட்டு அணில். இரண்டும் ஒரே இனத்து உறவுதான். நம் அணில் நூறு கிராம் எடைதான் இருக்கும். ஆனால் அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அதற்கு வாழ்வு. ஆகவே பிளாஸ்டிக் வலை, நிழல்வலை எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

தொட்டி மண்ணை அது ஏன் தோண்டுகிறது? உங்கள் மேல் அதற்கு விரோதமா? கிடையாது. நாம்தான் அதை வரவழைக்கிறோம். எப்படி என்று கேளுங்கள்.

முதலாவது, தீனி வாசனை. கடலைப் புண்ணாக்கைக் கட்டி கட்டியாகத் தொட்டியில் போடுகிறோம். அது நமக்கு உரம்; அணிலுக்குப் பலகாரம். அதைப் போலவே மொட்டை மாடியில் கடலைக்காய் உலர்த்துகிறோம், காக்கைக்குச் சோறு வைக்கிறோம், கிளிக்கும் புறாவுக்கும் தானியம் இறைக்கிறோம். சிந்தியதைப் பொறுக்க வருகிற அணில், பக்கத்துத் தொட்டியையும் சோதனை போடாமல் போகுமா? நாம் விதைக்காமலே தொட்டியில் கடலைச் செடி முளைத்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். தின்றது போக மீந்ததை ஒளித்து வைத்தவர் வேறு யாரோ!

இரண்டாவது, விதை. துலுக்க சாமந்தி, கனகாம்பரம், சூரியகாந்தி எதுவானாலும் புதிதாக விதை ஊன்றிய மண் அதற்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, புழு. சரியாக மக்காத எருவைப் போட்டால் அதில் வண்டின் வெள்ளைப் புழு இருக்கும். அணில் பழமும் கொட்டையும் மட்டும் தின்கிற பிராணி இல்லை; புழு பூச்சியும் தின்னும். அப்படிக் கிளறியிருந்தால் அந்தத் தொட்டி மண்ணை நீங்களும் ஒரு முறை கிளறிப் பாருங்கள். விரல் பருமனுக்குச் சுருண்ட வெள்ளைப் புழு இருந்தால், செடிக்கு அணிலைவிடப் பெரிய எதிரி உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுங்கள்.

நான்காவது, நார். அணில் கூடு கட்டுவதற்குத் தேங்காய் நார், பஞ்சு, காய்ந்த புல், துணி இழை எல்லாம் சேர்க்கும். இப்போது தொட்டிகளிலும் பைகளிலும் தென்னை நார்க்கழிவு போடுகிறோம். அதில் கலந்திருக்கிற நீள நாரை இழுப்பதற்கே அது தோண்டும்.

ஐந்தாவது, மண்ணின் இளக்கம். கோடையில் ஊரே காய்ந்து கிடக்கும்போது, தினம் தண்ணீர் ஊற்றுகிற தொட்டி மட்டும் ஈரமாக, மெத்தென்று இருக்கும். தோண்டுவதற்கு அதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்?

இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டால் வைத்தியம் தானாகப் புரியும். அணிலை விரட்டுவது நம்மால் ஆகாத காரியம். மண்ணை மூடுவது நம் கையில் இருக்கிற காரியம். இதுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் சாரம்.

உரத்தை மாற்றுங்கள்

கடலைப் புண்ணாக்கைக் கட்டியாகப் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவையுங்கள். மேலே நிற்கிற தெளிவை வடித்து, அதற்குப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து தொட்டிக்கு ஊற்றுங்கள். செடிக்குச் சத்தும் சீக்கிரம் கிடைக்கும், அணிலுக்குப் பொறுக்கவும் ஒன்றும் இராது. அடியில் தங்குகிற சக்கையை எருக்குழியில் போட்டுவிடுங்கள்.

கட்டி உரமே போட வேண்டும் என்றால் வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து நூற்றுக்கு ஏழு பங்கு என்றால், வேப்பம் புண்ணாக்கில் ஐந்து பங்கு. கொஞ்சம் குறைவுதான். ஆனால் கசப்பு இருப்பதால் அணில் விரும்பாது. மண்ணில் இருக்கிற புழுவையும் கட்டுப்படுத்தும். ஓர் அடி வாய் அகலமுள்ள தொட்டிக்கு ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 50 கிராம், பொடி செய்து மேல்மண்ணோடு கலந்து தண்ணீர் ஊற்றுங்கள். மீன் கழிவு, எலும்புத் தூள் ஆகியவற்றைத் தொட்டியில் போட்டால் பூனையும் பெருச்சாளியும் வரும். தொழு உரத்தை நன்றாக மக்கிய பிறகே, சலித்துப் போடுங்கள்.

நார்க்கழிவு நிரப்பிய பையாக இருந்தால், மேல் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் செம்மண்ணும் மணலும் கலந்து போட்டு மூடிவிடுங்கள். அப்புறம் ஒரு யோசனை. தொட்டிகளுக்குத் தூரத்தில் இருக்கிற மரக்கிளையில் பழைய தேங்காய் நாரைக் கொஞ்சம் கட்டித் தொங்கவிடுங்கள். கூடு கட்ட வருகிற அணில் சிரமப்படாமல் அங்கேயே எடுத்துக்கொண்டு போகும்.

மண்ணை மூடுங்கள்

எல்லாவற்றிலும் நிச்சயமான வழி இதுதான். பெரிய செடி இருக்கிற தொட்டிக்கு முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லியை ஒன்றரை அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். செடியின் தண்டைச் சுற்றி மட்டும் ஓர் அங்குலம் விட்டுவிடுங்கள். அணிலின் சின்னக் கால் அந்தக் கல்லைப் புரட்டாது. ஜல்லி இல்லையா? கூழாங்கல் போடுங்கள், உடைந்த ஓட்டுச் சில்லு போடுங்கள், சிரட்டையை உடைத்துக் கவிழ்த்து அடுக்குங்கள். சிரட்டையில் தேங்காய் ஒட்டியிருந்தால் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாமே விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

வீடு இடித்த சுண்ணாம்புக் காரையைப் போடாதீர்கள். அதில் இருக்கிற சுண்ணாம்பு மண்ணில் இறங்கி, ரோஜா இலை வெளிறிப் போகும். ஓட்டுக் கூரை, தகரக் கூரை மேல் வைத்திருக்கிற தொட்டிக்குக் கல் பாரம் ஆகாது. அங்கே கம்பி வலைதான் சரி.

கல் மூடாக்கில் இன்னும் இரண்டு லாபம் உண்டு. கோடையில் தொட்டி மண் சீக்கிரம் காயாது. மழைக்காலத்தில் மழைத்துளி விழுந்து மண் இலை மேல் தெறிக்காது. ரோஜாவின் கரும்புள்ளி நோய் இப்படித் தெறிக்கிற தண்ணீரில்தான் பரவுகிறது என்பதால், அதுவும் கொஞ்சம் குறையும். ஒன்றே ஒன்று கவனியுங்கள். மேலே கல் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். கல்லை விலக்கி விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும்.

கம்பி வலை போடுவதாக இருந்தால், அரை அங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய வலையாக வாங்குங்கள், சீக்கிரம் துருப்பிடிக்காது. தொட்டியின் வாய் அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து நடு வரை ஒரு வெட்டு, நடுவில் தண்டு வளர இரண்டு அங்குல ஓட்டை. தொட்டியில் பொருத்தி, மேலே அரை அங்குலம் மண் தூவிவிடுங்கள். வெளியே பார்த்தால் வலை இருப்பதே தெரியாது. அணில் வந்து நாலு தரம் கீறிப் பார்த்துவிட்டு, "இங்கே நமக்கு வேலையில்லை" என்று போய்விடும். வலையின் வெட்டு முனையை மடக்கிவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

காசே செலவு செய்ய முடியாதவர்களுக்கு முள் இருக்கிறது. இலந்தை முள்ளோ, காகிதப்பூச் செடியைக் கவாத்து செய்த குச்சியோ மூன்று நான்கு துண்டு குறுக்கும் நெடுக்குமாக மண் மேல் வைத்தால் போதும். வீட்டில் தவழுகிற குழந்தை இருந்தால் இது வேண்டாம்.

விதை போட்ட தொட்டிக்கு வேறு முறை. பழைய மூங்கில் கூடையையோ, ஓட்டைச் சல்லடையையோ கவிழ்த்து, மேலே ஒரு செங்கல் வையுங்கள். காற்றும் வெளிச்சமும் போகும், அணில் போகாது. முளைத்து நாலு இலை விட்ட பிறகு எடுத்துவிடலாம். கனகாம்பரம் முளைக்க நாள் ஆகும், அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள்.

நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கு

"ஆயிரக்கணக்கான பை அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் வலை வெட்டிக்கொண்டிருக்க முடியுமா?" என்று நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கு மூன்று காரியம் சொல்கிறேன்.

குச்சி நட்டவுடன் சுற்றிலும் மண்ணைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, உடனே பூவாளியால் தண்ணீர் தெளித்து மண்ணை இறுகச் செய்யுங்கள். பொலபொலவென்று இருக்கிற மண்தான் முதலில் கிளறப்படும். அதன் மேல் அரை அங்குலத்துக்குப் பெரும் மணலை, அதாவது சல்லடையில் மிஞ்சுகிற பொடிக் கல்லை, தூவிவிடுங்கள். இது முதல் காரியம்.

பைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்குங்கள். நிழல்வலைக் கூடாரத்தின் பக்கவாட்டில் கீழ் இரண்டு அடிக்குக் கம்பி வலை கட்டி, அதன் அடியை அரை அடி மண்ணில் புதையுங்கள். வெறும் நிழல்வலையை அணில் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். மேலே மரக்கிளை கூடாரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஆறடி இடைவெளி விட்டு வெட்டிவிடுங்கள். இது இரண்டாவது.

மூன்றாவது, கிளறிப்போன குச்சிக்கு அவசர சிகிச்சை. தினம் காலை எட்டு எட்டரை மணிக்கும், மாலை நாலரை ஐந்து மணிக்கும் ஒரு நடை வந்து பாருங்கள். சாய்ந்த குச்சியைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். இருந்த இடத்திலேயே நிமிர்த்தி, மண்ணை அணைத்து அழுத்தி, தண்ணீர் தெளித்து, மூன்று நாலு நாள் நல்ல நிழலில் வையுங்கள். வேர் காய்வதற்குள் கவனித்துவிட்டால் பல குச்சிகள் பிழைத்துக்கொள்ளும். மத்தியான வெயிலில் வேர் காய்ந்த பிறகு பார்த்தால் பிரயோஜனம் இல்லை.

மிளகாய் வைத்தியம் பலிக்குமா?

பலிக்கும், ஆனால் நிலைக்காது. மிளகாயின் காரம் பாலூட்டிப் பிராணிகளின் நாக்குக்கும் மூக்குக்கும்தான் உறைக்கும், பறவைக்கு உறைக்காது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஆகவே அணிலைத் தடுக்கும், மைனாவைத் தடுக்காது. இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூளும் நாலைந்து நசுக்கிய பூண்டுப் பல்லும் ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மண் மேலும் தொட்டி விளிம்பிலும் தெளியுங்கள். இலை மேல் வேண்டாம். வாரத்தில் இரண்டு தரம் தெளிக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரே நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். வெறும் தூளைத் தூவினால் காற்றில் பறந்து உங்கள் கண்ணிலேயே விழும். மொத்தத்தில் கல் மூடாக்குப் போடுகிற வரைக்கும் இதை ஒரு தற்காலிக ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

விவசாயப் பெருமக்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

எலி விஷத்தை அணிலுக்கு வைக்காதீர்கள். துத்தநாகப் பாஸ்பைடு கலந்த தீனி வயிற்றில் போய் விஷவாயுவாக மாறிக் கொல்லும். அணில் தின்றாலும் அதுதான், உங்கள் கோழி தின்றாலும் அதுதான், ஆட்டுக்குட்டி தின்றாலும் அதுதான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை இன்னும் கொடியது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈரல் கெட்டுப்போகும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. வாசல் தொட்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட்டிலோ வடையிலோ தடவி வைத்ததைக் கண்டு எடுப்பது அணில் மட்டும்தான் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? நம் வீட்டுக் குழந்தையும் அதே உயரத்தில்தான் நடமாடுகிறது. ஒரு ரோஜாத் தொட்டிக்காக வீட்டில் விளக்கை அணைத்துக்கொள்ளலாமா?

யாராவது தவறித் தின்றுவிட்டால் உப்புக் கரைசல், முட்டை, பால் என்று கைவைத்தியம் செய்து நேரத்தைப் போக்காமல், மருந்துச் சீட்டையும் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு, உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அரசு மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள்.

அடுத்தது குருணை மருந்து. முன்பெல்லாம் போரேட் குருணையை ஒரு சிட்டிகை தொட்டியில் போட்டுவிட்டால் எதுவும் வராது என்று சொல்வார்கள். போரேட் மருந்து 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டுப் பரணில் பழைய பொட்டலம் இருந்தாலும் தொடாதீர்கள். பூவைப் பறிக்கிற கை, அந்தப் பூவைச் சூடுகிற தலை, பக்கத்துத் தொட்டிக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுகிற குழம்பு எல்லாம் உங்கள் வீட்டுடையது.

அந்துருண்டையை மண்ணில் புதைக்காதீர்கள். குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். ஒட்டுப் பலகை வைக்காதீர்கள். அணில், ஓணான், சிட்டுக்குருவி எல்லாம் ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் துடிக்கும். தளர்ந்த நைலான் வலையையும் போர்த்தாதீர்கள். அணிலும் மாட்டும், பாம்பும் மாட்டும். எடுக்கப் போகிற கைக்குத்தான் ஆபத்து.

"கூண்டு வைத்துப் பிடித்து ஏரிக்கரையில் விட்டுவிடலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். பிடித்த மறுவாரமே பக்கத்து மரத்து அணில் அந்த இடத்துக்குக் குடி வந்துவிடும். தீனியும் மரமும் இருக்கிற வரை இடம் காலியாக இருக்காது. இதற்கு ஒரு தூரத்து உதாரணம் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் பெர்த் என்று ஒரு நகரம். அங்கே இருக்கிற மிருகக்காட்சிசாலையிலிருந்து 1898-ல் நம் நாட்டு ஐந்து கோட்டு அணில்கள் சில வெளியே வந்தன. அதன் வம்சம் நூறு ஆண்டு தாண்டியும் அந்த நகரத்துத் தோட்டங்களில் வாழ்கிறது. அந்நிய மண்ணிலேயே அப்படிப் பிழைக்கிற ஜீவனை, சொந்த மண்ணில் கூண்டு வைத்தா தீர்த்துவிட முடியும்? அதுவும் போக, தாயைப் பிடித்துக்கொண்டு போனால் கூட்டில் இருக்கிற குட்டிகள் பட்டினியால் செத்து நாறும்.

தொட்டி இடுக்கிலோ தொங்கும் பையிலோ கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தால், இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டிகள் தாமாக வெளியேறிவிடும். அதன் பிறகு கூட்டை எடுத்துவிட்டு இடத்தை அடைத்துவிடுங்கள். வெறும் கையால் அணிலைப் பிடிக்க வேண்டாம். தவறிக் கடித்துவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் காலத்தில் என்ன செய்வது?

ஆடிப் பட்டத்தில் விதைத்த தொட்டிக்குக் கூடை கவிழ்ப்பது. புரட்டாசி கடைசிக்குள், அதாவது மழை பிடிப்பதற்கு முன்னால், கல் மூடாக்கை முடிப்பது; மிளகாய்க் கரைசலை நிறுத்திவிடுவது. கார்த்திகை கடைசியில் மல்லியைக் கவாத்து செய்து தொட்டி மண்ணை மாற்றும்போது வேப்பம் புண்ணாக்கைக் கலந்து, கம்பி வலையைப் பொருத்துவது. பங்குனி, சித்திரையில் தொட்டிகளுக்குத் தூரத்தில், மரத்தடி நிழலில், ஓர் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைப்பது. தினம் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள், கொசு வராது. தண்ணீர் வையுங்கள் என்றுதான் சொன்னேன். தீனி இறைக்கச் சொல்லவில்லை. தீனி இறைத்தால் கூட்டம் கூடும். காக்கைக்குச் சோறு வைக்கிற வழக்கம் உள்ளவர்கள் அதையும் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் வைத்துவிடுங்கள்.

ஆக, நான் சொன்னதை ஒரு முறை நினைவுபடுத்திவிடுகிறேன். முதலில் சாம்பல் தூவித் திருடனைக் கண்டுபிடியுங்கள். கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றுங்கள், கட்டியாகப் போடாதீர்கள். தொட்டி மண்ணைக் கல்லாலோ கம்பி வலையாலோ மூடுங்கள். விதைக்குக் கூடை, பைக்குப் பெரும் மணல். விஷம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாத் தொட்டிக்கும் செய்ய முடியாவிட்டால், இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தொட்டிக்கு மட்டும் ஜல்லி போட்டு, பக்கத்தில் இரண்டு தொட்டியைச் சும்மா விட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து நான்கையும் பாருங்கள். நான் சொல்வதைவிட அந்தத் தொட்டிகள் சொல்வது உங்களுக்கு நன்றாகப் புரியும். செடியில் வேறு சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ, திரூரில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள். போகும்போது கிளறின தொட்டி மண்ணில் ஒரு பிடியும், வாடின செடியில் ஒரு கிளையும் கொண்டுபோனால் அவர்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.